துவக்கைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி

"வணக்கம் அண்ணா. இங்கிலாந்தில் லூட்டனில் இருக்கிறேன். வயது 38. கிடங்கில் இரவு வேலை. போன மாதம் வேலையிடத்திலிருந்து எல்லாரையும் ஒருநாள் கிளே சூட்டிங்குக்கு, அதுதான் எந்திரம் எறியும் 'களிமண் புறா' என்ற தட்டைப் பறக்கும்போதே சுடும் விளையாட்டுக்கு, கூட்டிக்கொண்டு போனார்கள். 25-ல் 6 உடைத்தேன். அன்றிலிருந்து தலைக்குள் அதுதான் ஓடுகிறது. வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் 100 பவுண்தான் எனக்கென்று மிஞ்சும். கூட வேலை செய்பவர் ஒருவர் தன்னுடைய பழைய செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும்) துவக்கை 250 பவுணுக்குத் தருகிறாராம். லைசென்ஸ் வரும்வரை உன் கராஜிலேயே வைத்திரு என்கிறார். வாங்கலாமா? நான் இன்னும் பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நித்திரை வராமல் கவுன்சலிங் போயிருக்கிறேன். இவற்றைக் காட்டி மறுப்பார்களா? மனைவி வன்னியில் வளர்ந்தவ. 'வீட்டுக்குள்ள துவக்கு வந்தா நான் வெளிய' என்கிறா. புறாவைச் சுடுவது பாவம் என்றும் சொல்கிறா. 12 வயது மகளோ தானும் வரப்போகிறேன் என்று நிற்கிறாள். இது எங்களைப் போன்ற ஆட்களுக்குச் சரிவருமா?"

பதில்

தம்பி, முதலில் அந்தக் கராஜ் கதையை முடிப்போம். மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

அந்தத் துவக்கை வாங்காதீர்கள். வாங்குவது கிடக்கட்டும், உங்கள் காரின் பின்பக்கத்தில் பத்து நிமிடம்கூட வைக்க விடாதீர்கள். ஷொட்கன் (சின்னச் சின்ன சன்னங்களைச் சிதறவிடும் துவக்கு) சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே இந்த நாட்டில் குற்றம், 5 வருடம்வரை சிறை கிடைக்கலாம். தந்தவரும் சேர்ந்தே மாட்டுவார். சான்றிதழ் உள்ள இரண்டு பேருக்கிடையில் ஒரு துவக்கு கைமாறினால்கூட, 7 நாளுக்குள் இரண்டு பேரும் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும். அவர் உங்கள்மேல் உள்ள அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பொலிஸ் கதவைத் தட்டும்போது அந்த அன்பு சாட்சிக்கு வராது. "வேண்டாம் அண்ணை, பேப்பர் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

துவக்கும் இல்லை, பேப்பரும் இல்லை, பிறகு எப்படிச் சுடுவது? போன மாதம் சுட்டீர்களே, அப்படித்தான். 1968-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. செயற்கை இலக்குகளைச் சுடுவதற்கென்று பொலிஸ் அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில், சான்றிதழ் இல்லாதவரும் சுடலாம் என்கிறது அது. கையில் காசு குறைந்தவனுக்கு அந்த இரண்டு வரிதான் வாசல். என்னிடம் பழகிய ஒரு பஸ் சாரதி இரண்டு வருடம் அந்த வாசலாலேயே வந்துபோனார். மைதானத்துத் துவக்கையே இரவல் வாங்கிச் சுட்டு, அந்தக் கிளப்பில் சொந்தத் துவக்கு வைத்திருந்த பாதிப்பேரைத் தாண்டினார்.

நான் அவர் அளவுக்குப் பொறுமைசாலியாக இருக்கவில்லை. மூன்றாவது பாடத்தோடு கடைக்கு ஓடினேன். கண்ணாடிக்குள் வரிசையாக நின்றவற்றில், பக்கத்தகட்டில் வாத்து செதுக்கிய ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. கடைக்காரர் அதை என் கையில் தந்து "அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது" என்றார். நான் ஐந்தடி ஐந்தங்குலம். அந்தத் துவக்கின் பிடிக்கட்டை ஆறடி ஆளுக்கு வைத்தது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கட்டையின் அடி கக்கத்தில் போய்ச் சிக்கும். சிக்காமல் இருக்கவேண்டுமென்று தோளுக்குள் வைக்காமல் புயத்தில் வைத்துச் சுட்டேன். இரண்டு கிழமையில் புயம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அதோடு, துவக்குக் குத்தும் என்று பயந்து விசையை அழுத்துமுன் கண்ணை மூடும் பழக்கமும் வந்தது. அதை மறக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. துவக்கை முந்நூறு பவுண் நட்டத்தில் விற்றேன். அழகான வாத்துத்தான், குறை சொல்லக்கூடாது.

துவக்கைக் கடைசியில் வாங்குங்கள் என்று தலைப்பில் போட்டது இதற்காக மட்டும் இல்லை. காசுக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. மாடு வாங்குவது பெரிய காரியமில்லை, தவிடும் புண்ணாக்கும் போட்டுக் கட்டிக்காப்பதுதான் காரியம் என்று ஊரில் சொல்வார்கள். இந்த விளையாட்டில் துவக்கு மாடு, தோட்டாவும் கிளேயும் தவிடும் புண்ணாக்கும். நான் போகும் மைதானத்துக் கணக்கைத் தருகிறேன், உங்கள் பக்கம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரு கிளே 40 பென்ஸ். ஒரு தோட்டா 33 பென்ஸ். விசையை ஒருமுறை அழுத்தினால் 73 பென்ஸ் புகையாகப் போகிறது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போய் 50 சுட்டால் வருடத்துக்கு 1,300 வெடி, 949 பவுண். மாதக் கணக்கில் 79. இதற்குப் பக்கத்தில் துவக்கை வைத்துப் பாருங்கள். பழசொன்று 500 பவுணுக்கு எடுத்துப் பத்து வருடம் பாவித்தால் வருடத்துக்கு 50 பவுண், விற்கும்போது அதிலும் ஒரு பங்கு திரும்பி வரும். எல்லாரும் மாட்டின் விலையைத்தான் பேரம் பேசுகிறார்கள்.

ஆக, உங்கள் 100 பவுணுக்குள் இது அடங்கும். இழுத்துப் பிடித்தால் அடங்கும். முதல் மாதங்கள்தான் வெடிக்கணக்கில் கூடிய செலவு, ஏனென்றால் சான்றிதழ் இல்லாதவரை எந்த மைதானமும் தனியே நிற்க விடாது, பயிற்றுநர் பக்கத்தில் நிற்கவேண்டும். ஒரு மணி நேரப் பாடம் 60, 70 பவுண் என்று போகும். போனில் கேட்கும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "துவக்கு வாடகை, கிளே, தோட்டா எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா?" 55 பவுண் பாடம் முடிவில் 100 ஆக வளர்வதை நான் பார்த்திருக்கிறேன், 75 பவுண் பாடம் 75-லேயே நின்றதையும் பார்த்திருக்கிறேன். உங்களோடு அன்று வந்தவர்களில் இன்னொருவருக்கும் ஆசை இருந்தால் ஒரு மணி நேரத்தை இருவரும் பங்கு போடுங்கள். அவர் சுடும்போது பின்னால் நின்று பார்ப்பதும் பாடம்தான். அதற்குத் தோட்டா செலவில்லை.

மாதம் ஒரு பாடம், மூன்று மாதம். அதற்குமேல் அவசரம் வேண்டாம்.

அந்த முதல் பாடத்தில் பயிற்றுநர் துவக்கைத் தருவதற்கு முன் உங்கள் கண்ணைப் பார்க்கவேண்டும். பார்க்காதவரிடம் இரண்டாவது பாடம் எடுக்காதீர்கள். இப்போதே செய்து பாருங்கள்: இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்துச் சுவர் மணிக்கூட்டை நோக்கி ஒரு விரலை நீட்டுங்கள். இடது கண்ணை மூடுங்கள். விரல் மணிக்கூட்டிலேயே நின்றால் உங்கள் வலக்கண் தலைவன். விரல் பக்கத்துக்குத் துள்ளினால் இடக்கண் தலைவன். வலக்கைக்காரருக்கு இடக்கண் தலைவனாக இருந்தால், துவக்கு ஒரு பக்கம் பார்க்கும், மூளை இன்னொரு பக்கம் பார்க்கும். அந்த ஆறு கிளே உடைந்தது உங்கள் திறமையா, அந்த மீதிப் பத்தொன்பது தவறியது இந்தக் கண்ணாலா என்று இதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மருந்து சின்னதுதான்: கண்ணாடியின் இடது வில்லையில் சரியான இடத்தில் ஒரு துண்டு மங்கல் டேப். சிலர் தோளையே மாற்றிப் பழகுகிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று இருக்கிறது. செலவு, ஒரு சின்ன டோர்ச் லைட். தும்புத்தடியின் தடியில் அதை டேப்பால் கட்டுங்கள். அறையை இருட்டாக்கி, சுவரும் முகடும் சேரும் கோட்டின் ஒரு மூலையில் வெளிச்சத்தை வையுங்கள். தடியைக் கன்னத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கோட்டிலேயே வெளிச்சத்தை மறு மூலைவரை ஓட்டுங்கள். கையால் ஓட்டினால் வெளிச்சம் வெறிகாரன்போல் கோட்டுக்கு மேலும் கீழும் அலையும். இடுப்பால் திரும்பினால் கோட்டிலேயே போகும். கன்னம் தடியைவிட்டு விலகினால் உடனே தெரியும். இரவு வேலை முடிந்து வந்து 25 தரம். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிளேயைத் தவறவிடுபவர்களில் பெரும்பாலானோர் அதன் பின்னால்தான் சுடுகிறார்கள். விசையை அழுத்தும் நொடியில் துவக்கை நிறுத்திவிடுகிறார்கள், கிளே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்தாத பழக்கம் தும்புத்தடியில் வந்துவிட்டால், 73 பென்ஸ் கொடுத்து அதைக் கற்கவேண்டியதில்லை.

எந்த வகையில் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் காசு அங்கேதான் ஒழுகுகிறது. ஸ்கீட்டில் தொடங்குங்கள். இடப்பக்கம் கிளே எறியும் ஒரு உயர்ந்த கூடு, வலப்பக்கம் ஒரு தாழ்ந்த கூடு, இடையில் பிறைபோல் 7 நிற்குமிடங்கள். கிளே எப்போதும் அதே பாதையில்தான் போகும், நகர்வது நீங்கள்தான். ஒரு சுற்றுக்கு 25 கிளே, 25 தோட்டா. வீட்டிலிருந்து புறப்படும்போதே இன்று எவ்வளவு செலவு என்று தெரியும். டிடிஎல் என்று சொல்லும் டவுன் த லைனில் முதல் வெடி தவறினால் இரண்டாவது வெடி உண்டு. முதல் வெடியில் உடைத்தால் 3 புள்ளி, இரண்டாவதில் 2. புதிதாய் வந்தவருக்கு அது 25 கிளேக்கு 40 தோட்டா என்று போய் முடியும். ஸ்போர்ட்டிங் என்பது காட்டுக்குள் நடந்து நடந்து வெவ்வேறு விதமாய்ப் பறப்பதைச் சுடுவது, மிகவும் இனிமையானது. ஆனால் 50, 100 என்று போகும். தவறினால் ஏன் தவறியது என்றும் விளங்காது. ஸ்கீட்டில் அதே கிளே அடுத்த கிழமையும் அதே இடத்தில் வரும், பழி தீர்க்கலாம்.

இன்னொரு வழி, பெரிய வணிக மைதானங்களில் கிடைக்காதது: உறுப்பினர்களே நடத்தும் சின்னக் கிளப் ஒன்றைத் தேடுங்கள். ஒரு விவசாயியின் காணி, ஒரு பழைய கொண்டெய்னர், தேத்தண்ணிக் கேத்தில், அவ்வளவுதான் இருக்கும். கிளே சுடுபவர்களின் சங்கமான சிபிஎஸ்ஏ இங்கிலாந்து முழுவதும் உள்ள மைதானங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் பொறுப்புக் காப்புறுதியும் சேர்ந்து வரும். இப்படியான கிளப்புகளில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. கிளே எந்திரத்துக்குப் பெட்டி ஏற்ற, பட்டன் அழுத்த, புள்ளி எழுத யாராவது வேண்டும். ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் பட்டன் பிடியுங்கள், கடைசியில் உங்களுக்கு ஒரு சுற்று இலவசம் என்று அவர்களே சொல்வார்கள். கிடங்கில் வேலை செய்கிறவருக்கு ஒரு பெட்டி கிளே பாரமா என்ன.

பட்டன் பிடிப்பதில் இன்னொரு நன்மை: ஒழுங்குகள் தானாகவே உடம்பில் ஏறும். துவக்கு முறித்துத் திறந்தபடிதான் நடக்கவேண்டும், குழலுக்குள் வெளிச்சம் தெரியவேண்டும். நிற்குமிடத்தில் நின்று, முகம் வெளியைப் பார்த்த பிறகுதான் தோட்டா. செமி ஆட்டோவை முதல் துவக்காக நான் ஏன் விரும்புவதில்லை என்பதும் அங்கே நின்றால் விளங்கும். மேலும் கீழுமாக இரட்டைக்குழல் உள்ள துவக்கை முறித்தால் பத்து யார் தூரத்தில் நிற்பவருக்கும் அது வெறுமை என்று தெரியும். செமி ஆட்டோவில் அப்படித் தெரியாது. வெற்றுத் தோட்டாவைப் பக்கத்து ஆளின் மூக்குக்கு எறியும். அழுக்குப் பிடித்தால் சிக்கும். உதைப்பு மென்மை என்பது உண்மைதான், தோள்வலிக்காரருக்கு அது வரம். ஆனால் அது இரண்டாவது துவக்கு.

காதுக்கும் கண்ணுக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். 12 போர் (துவக்குக் குழலின் அளவு, எண் கூடினால் குழல் மெலியும்) வெடி 150 டெசிபலைத் தாண்டும், ஒரு நாளில் போகும் காது திரும்பி வராது. 20, 25 பவுணுக்கு வாங்கும் சாதாரண காதுமூடி போதும். கண்ணுக்கு, தச்சு வேலைக்கு விற்கும் பாதுகாப்புக் கண்ணாடி போதும். தொப்பி வேண்டும், உடைந்த கிளே சில்லு மேலிருந்து கொட்டும். அந்தத் தோல்வைத்த மேலங்கி, தோல் சப்பாத்து, தோட்டாப் பை எல்லாம் நத்தாருக்கு யாராவது பரிசு தந்தால் பார்ப்போம். பெரிய பொக்கற் உள்ள பழைய ஜக்கற் ஒன்று எல்லாருடைய வீட்டிலும் இருக்கிறது.

இனிப் பேப்பர் விஷயம். ஆறு மாதம் போனபிறகும் ஆசை தணியவில்லை என்றால் விண்ணப்பியுங்கள். 2025 பெப்ரவரியிலிருந்து புதிய ஷொட்கன் சான்றிதழுக்கு 194 பவுண், ஐந்து வருடம் செல்லும், புதுப்பிக்க 126. இதோடு உங்கள் டொக்டர் ஒரு மருத்துவ அறிக்கை தரவேண்டும், அதற்கு ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விலை சொல்லும். சுவரில் ஆணி அடித்துப் பூட்டும் இரும்பு அலுமாரி 100 பவுணுக்கு மேல். எல்லாம் கூட்டினால் 350, 400. பார்த்தீர்களா, மாடு வருமுன் கொட்டிலுக்கே இவ்வளவு. விண்ணப்பம் சில இடங்களில் மாதக்கணக்கில் இழுபடும், அந்த இடைவெளியில் மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

குடியுரிமை இல்லை என்பதற்காக மறுக்கமாட்டார்கள். சான்றிதழ் பிரிட்டிஷ்காரருக்கு மட்டும் என்று சட்டத்தில் இல்லை. உங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் நற்சாட்சி சொல்லவேண்டும், அதனால்தான் கிளப்பில் முகம் பழகுங்கள் என்கிறேன். பொலிசார் வீட்டுக்கு வந்து கதைப்பார்கள், அலுமாரி எங்கே வைப்பீர்கள் என்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த ஆளிடம் துவக்கு இருந்தால் பொதுமக்களின் பாதுகாப்புக்கும் அமைதிக்கும் ஆபத்து வருமா?

கவுன்சலிங் போனதை எழுதுங்கள். ஒளிக்க நினைக்கவே வேண்டாம். டொக்டரின் அறிக்கையில் அது எப்படியும் வரும். நித்திரை வராமல் போனது, உதவி கேட்டது, சரியானது என்று நீங்களே எழுதினால் அது பொறுப்புள்ள ஆளின் கதை. நீங்கள் மறைத்து அவர்கள் கண்டுபிடித்தால், பொய் எழுதியதே தனிக் குற்றம். பழைய வேக அபராதம், எப்போதோ முடிந்த வழக்கு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வேறு விண்ணப்பங்களில் "காலாவதியானது, சொல்லத் தேவையில்லை" என்பது இங்கே செல்லாது. போரைப் பார்த்த நம்மவரில் பலருக்கு இந்தப் பக்கத்தை நிரப்பும்போது கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. ஆனால் ஒரு கேள்வியை நீங்களும் உங்களிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்: வெடிச்சத்தம் கேட்ட அன்றிரவு எப்படி நித்திரை கொண்டீர்கள்? நன்றாக என்றால் நல்லது. இல்லையென்றால் விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டு டொக்டரோடு கதையுங்கள். கிளே எங்கேயும் பறந்துபோகாது.

துவக்கு வாங்கும் நாள் வந்தால் பழசையே பாருங்கள். லன்பர் என்ற ஸ்பானியத் துவக்கு சில நூறு பவுணுக்குக் கிடைக்கும். முகம் அழகில்லை, முதுகு உறுதி. கொஞ்சம் கூடப் போடமுடிந்தால் ஜப்பானில் செய்த மிரோக்கு, அதற்குமேல் இத்தாலியின் பெரெற்றா. பெயரைவிடக் கட்டையின் நீளம் முக்கியம், என் வாத்தை நினையுங்கள். உங்கள் பயிற்றுநரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அரை நாள் காசு கொடுத்தாலும் நட்டமில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: ஈயச் சன்னத்தை நிறுத்தப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்திருக்கிறது, மாறுவதற்கு மூன்று வருட அவகாசம் என்றார்கள். ஆகவே இன்று வாங்கும் துவக்கு நாளைக்கு உருக்குச் சன்னம் தாங்கவேண்டும். சன்னம் பரவாமல் குழல் வாயை ஒடுக்கும் பகுதியைச் சோக்கு என்பார்கள், அதைக் கழற்றி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். உருக்குக்குப் பாதிச் சோக்கைவிட இறுக்கமானது ஆகாது. மாற்றமுடியாத முழுச் சோக்குக் குழலை அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இனி உங்கள் மனைவி. புறாப் பாவத்தை முதலில் தீர்த்துவிடலாம். மைதானத்திலிருந்து ஒரு கிளேயைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். தேத்தண்ணிக் கோப்பையின் தட்டைக் கவிழ்த்ததுபோல் 110 மில்லிமீற்றர் அகலம், 105 கிராம், சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து வார்த்தது. களிமண்கூட இல்லை. சீமெந்துத் தரையில் விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கும். ஒரு காலத்தில் உயிருள்ள புறாவைத்தான் பெட்டிக்குள் அடைத்து, கயிற்றை இழுத்துத் திறந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். இன்றைக்கும் நாம் "புல்" என்று கத்துவது அந்தக் கயிற்றின் ஞாபகம். 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டைக் கண்டுபிடித்தார். அடைத்த பறவையைச் சுடுவதை இந்த நாடு 1921-ல் சட்டம் போட்டு நிறுத்தியது. உங்கள் மனைவி இன்றைக்குச் சொல்வதை இந்த நாட்டுப் பாராளுமன்றம் நூறு வருடத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

அந்த மற்ற வார்த்தைக்கு என்னிடம் பகிடி இல்லை. வன்னியில் வளர்ந்த ஒருவர் வீட்டுக்குள் துவக்கு வேண்டாம் என்றால், அது விளக்கம் சொல்லி மாற்றவேண்டிய விஷயம் இல்லை. துவக்கு வீட்டுக்கு வரத்தான் வேண்டும் என்றும் இல்லை. பதிவுபெற்ற துவக்கு வியாபாரிகள் மாதக் கட்டணத்துக்குத் தங்கள் பாதுகாப்பறையில் வைத்துத் தருகிறார்கள். சுடப்போகும்போது எடுத்து, திரும்பும்போது கொடுத்துவிட்டு வரலாம். என் வீட்டில் அலுமாரி இருக்கிறது, ஆனால் அதன் திறப்பு எங்கே என்று என் மனைவிக்குத் தெரியாது. தெரியக்கூடாது, சான்றிதழ் இல்லாதவர் கைக்கு அது எட்டக்கூடாது என்பதுதான் நிபந்தனை. கல்யாணம் செய்து இருபத்தாறு வருடத்தில் நான் அவவிடம் ஒளித்து வைத்திருக்கும் ஒரே பொருள். இரவல் துவக்கில் சுடும்வரை உங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஒரு வருடம் அப்படியே ஓட்டுங்கள். ஒருநாள் அவவையும் கூட்டிப்போய்த் தேத்தண்ணி குடிக்க வையுங்கள், சத்தம் பிடிக்கவில்லை என்றால் உடனே திரும்பி வாருங்கள்.

எங்களைப் போன்ற ஆட்களுக்கு என்று கேட்டீர்கள். என் கிளப்பில் ஞாயிறு காலையில் நிற்பவர்கள் குழாய் திருத்துபவர், லொறி சாரதி, ஓய்வுபெற்ற தாதி. மண்ணிற முகம் என்னுடையது ஒன்றுதான், முதல் இரண்டு கிழமை பார்த்தார்கள், மூன்றாவது கிழமை பட்டன் பிடிக்கச் சொன்னார்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் என்ற கிளே சுடும் போட்டியில் இந்தியாவுக்காக நின்றவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிரிதிவிராஜ். அவர் அரச குடும்பம், நாம் கிடங்குக் குடும்பம் என்பீர்கள். சரிதான், ஆனால் கிளேக்கு அது தெரியாது.

மகள் வரட்டும். சான்றிதழுக்குக் குறைந்த வயது என்று ஒன்றில்லை. 15 வயதுவரை, 21 நிரம்பிய ஒருவர் மேற்பார்வையில் இல்லாமல் துவக்கைத் தொடக்கூடாது, 18 வரை துவக்கோ தோட்டாவோ வாங்க முடியாது. எந்த வயதிலிருந்து அனுமதிப்பது என்று ஒவ்வொரு மைதானமும் தன் விதியை வைத்திருக்கும், கேட்டுக்கொண்டு போங்கள். சின்னப்பிள்ளை என்று நாலு-பத்து என்ற மெல்லிய குழலைக் கொடுப்பார்கள். நான் கொடுக்கமாட்டேன். சன்னம் குறைவு, ஒன்றும் உடையாது, பிள்ளை அழுதுகொண்டு வரும். 20 போரில் 21 கிராம் மெல்லிய தோட்டா, பக்கத்தில் பயிற்றுநர், மெதுவாக எழும்பி விலகிப்போகும் ஒரு கிளே, மொத்தம் பத்து வெடி. பதினோராவது வேண்டும் என்று கேட்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

அவள் 20 போரில் சுடும் நாளில் உங்கள் ஜக்கற் பொக்கற்றை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். அவளுடைய ஒரு தோட்டா அதற்குள் கிடந்து, நீங்கள் பார்க்காமல் உங்கள் 12 போரில் போட்டால், அது குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நிற்கும். குழல் வெறுமை என்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் உங்கள் இடக்கையிலேயே வெடிக்கும். 20 போர்த் தோட்டாக்களைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். மஞ்சள் அவளுடைய பொக்கற்றில், அவளுடைய பொக்கற்றில் மட்டும்.